வேலைக்கும் போகணும், டிகிரியும் வேணும்: எந்த வருகை விதி யாருக்குத் தாங்கும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பஸ் பாஸ் ஃபாரம் எல்லாம் பார்க்கிற கடை என்னுடையது. மே மாதம் ஆனால் பிளஸ் டூ மார்க்‌ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அம்மாவும் பிள்ளையுமாக வருவார்கள். அக்டோபரிலும் மார்ச்சிலும் அதே பிள்ளைகள் தனியாக வருவார்கள். கையில் கண்டோனேஷன் ஃபாரம் இருக்கும், வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லிப் பணம் கட்டுகிற ஃபாரம். மே மாதக் கேள்வி, "எந்தக் காலேஜ் நல்லதுண்ணா?" அக்டோபர் கேள்வி, "68 பர்சன்ட் போட்டிருக்காங்க, எழுத விடுவாங்களாண்ணா?" இந்த இரண்டாவது கேள்வியை மே மாதமே கேட்டிருந்தால் பாதி அழுகை மிச்சம்.

எனக்கும் இதில் பழைய பாக்கி ஒன்று உண்டு. நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். இரண்டாம் வருடம், நான்காவது செமஸ்டர். முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுவேன். இலை போடுவதில் ஆரம்பித்து சாம்பார் வாளி வரை பதவி உயர்வு. 90 நாளில் 57 நாள் வகுப்புக்கு வந்திருந்தேன், 63.3 சதவீதம். 59 நாள் வந்திருந்தால் பணம் கட்டிப் பரீட்சை எழுதியிருக்கலாம். குறைந்த அந்த இரண்டு நாளும் நெய்வேலியில் ஒரு மண்டபத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹால் டிக்கெட் வரவில்லை. அந்த ஐந்து தாளையும் அடுத்த செமஸ்டரோடு சேர்த்துப் பத்தாக எழுதினேன், மூன்று போனது.

ஆகவே இது வேலைக்குப் போய்க்கொண்டே கலை, அறிவியல், வணிகவியல் படிக்கப் போகிற கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு. சட்டம், நர்சிங், பொறியியல் எடுக்கிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. சட்டத்தில் பார் கவுன்சிலே பாடத்துக்கு 70 சதவீதம் என்று விதி வைத்திருக்கிறது. அங்கே வீட்டிலிருந்து படிக்கிற வழியே கிடையாது.

## எதை வைத்து எடை போடுவது

கட்டடம், கேன்டீன், கல்ச்சுரல்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஐந்து விஷயத்தைப் பாருங்கள்.

முதலாவது, வருகையை எதை அலகாக வைத்து எண்ணுகிறார்கள்: மொத்த செமஸ்டரா, தனித்தனிப் பாடமா? இதை யாருமே கேட்பதில்லை, நிறையப் பேர் விழுவதோ இங்கேதான். இரண்டாவது, குறைந்தால் என்ன ஆகும்: பணத்தோடு போகுமா, பரீட்சை தள்ளிப்போகுமா, திரும்பப் படிக்க வேண்டுமா? மூன்றாவது, 100 மதிப்பெண்ணில் வகுப்பறை கையில் எவ்வளவு, விடைத்தாள் கையில் எவ்வளவு. நான்காவது, அரியர் வைத்தால் எழுதி முடிக்க எத்தனை வருடம் தருகிறார்கள். ஐந்தாவது பணம். கட்டுகிற ஃபீஸைப் போலவே கைக்கு வராமல் போகிற உதவித்தொகையும் செலவுதான்.

| வழி | வருகைக் கணக்கு | குறைந்தால் | உள் : வெளி மதிப்பெண் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| அரசு, இணைவுக் கல்லூரி | செமஸ்டர் மொத்தத்தில் 75% | 65–74 பணம் கட்டி எழுதலாம். 50–64 அடுத்த செமஸ்டரில் எழுதலாம். 50-க்குக் கீழே ரீடூ (அந்த செமஸ்டரையே திரும்பப் படிப்பது) | வழக்கமாக 25 : 75 | ரீடூ ஆனால் ஒரு வருடம் |
| தன்னாட்சிக் கல்லூரி | வழக்கமாக 75%, நடைமுறை கல்லூரி கையில் | கல்லூரி முடிவு | கல்லூரிக்குக் கல்லூரி வேறு | ஃபீஸ், அபராதங்கள் |
| புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் (காலாப்பட்டு) | ஒவ்வொரு பாடத்திலும் 70% | அந்தப் பாடத்துக்கு மட்டும் எஃப்ஏ (வருகைக் குறைவால் தோல்வி), திரும்பப் படிக்க வேண்டும் | 40 : 60 | பயணம் அல்லது ஹாஸ்டல் |
| தொலைநிலை | தியரிக்குக் கிட்டத்தட்ட இல்லை | அசைன்மென்ட் கொடுக்காவிட்டால் சிக்கல் | 30 : 70 | உதவித்தொகை போகும், வருடங்கள் இழுக்கும் |

அரசுக் கல்லூரி வரிசையில் இருப்பது தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் நெடுநாளாகப் புழங்குகிற படிக்கட்டு. உங்கள் பேட்ச்சுக்கு எந்த வருட ரெகுலேஷன் (பல்கலைக்கழக விதித்தொகுப்பு) என்பதைச் சேரும்போதே கேட்டு அந்தப் பக்கத்தை வாங்கிவிடுங்கள். சீனியர் சொன்னதை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். சீனியருக்கு வேறு ரெகுலேஷன்.

## அரசுக் கல்லூரியும் இணைவுக் கல்லூரிகளும்

கடலூர் என்றால் முதலில் தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரி. இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் இருந்தன. இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், வாரம் ஐந்து நாள் என்றால் 18 வாரம். வாரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால் 18 நாள் போகும். 72 நாள் மிஞ்சும். 80 சதவீதம், கவலை இல்லை. இரண்டு நாள் போனால் 36 போகும், 54 மிஞ்சும். 60 சதவீதம். பணம் கட்டித் தப்பிக்கிற படிக்கட்டைத் தாண்டிக் கீழே விழுந்தாயிற்று. ஒரு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பது துணிக்கடை முதலாளிக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. காய்ச்சல், கோயில் திருவிழா, அக்கா பிரசவம் என்று வருவதெல்லாம் இதற்கு மேலே. வாரம் ஒரு நாள் வேலைக்குப் போகிறவனுக்கே அப்படி நாலு நாளுக்கு மேல் கையிருப்பு இல்லை.

இதற்கு நல்ல மருந்து இரண்டாவது ஷிஃப்ட். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் மதியத்துக்கு மேல் தொடங்குகிற ஷிஃப்ட் உண்டு. காலையில் பால் வண்டி, பேப்பர், மீன் மார்க்கெட், டிபன் கடை என்று நாலைந்து மணி நேரம் உழைத்துவிட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். "ஷிஃப்ட் டூவா?" என்று முகம் சுளிக்கிற சொந்தக்காரர்களை விடுங்கள், சான்றிதழில் ஷிஃப்ட் இருக்காது.

மதிப்பெண் 25க்கு 75. இளநிலையில் பாஸ் ஆக 40 வேண்டும், அதில் பரீட்சையில் மட்டும் 75-க்கு 30 எடுத்தாக வேண்டும் என்பதே பல இடங்களில் வழக்கம். இன்டர்னல் 22, பரீட்சை 29 என்றால் மொத்தம் 51, ஆனாலும் அரியர். இன்டர்னல் 5, பரீட்சை 35 என்றால் மொத்தம் 40, பாஸ். வகுப்பில் அதிகம் முகம் காட்டாமல் பரீட்சையை நன்றாக எழுதுகிறவனுக்கு இது சாதகம். ஆனால் அந்த 25-க்குள்ளேயே வருகைக்கென்று சில மதிப்பெண் ஒதுக்குகிற கல்லூரிகள் உண்டு. அங்கே லீவு போட்டவனுக்கு இரண்டு அடி: ஃபாரத்துக்குப் பணம் கட்டுவது ஒன்று, இன்டர்னலில் கழிவது இன்னொன்று. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரிந்ததில்லை.

பணத்தில் இதை அடிக்க ஆளில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு 36,000 வரை. இந்தத் தொகை நேரில் போய்ப் படிக்கிறவர்களுக்கு மட்டும். தொலைநிலையில் சேர்ந்தால் கிடையாது.

இனி இந்த விதியின் பலவீனம். 2024 நவம்பர் முடிந்து டிசம்பர் பிறந்த சமயம், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிய வாரம். லீவு விட்ட நாட்கள் கணக்கில் வராது. லீவு முடிந்த மறுநாளிலிருந்துதான் சிக்கல். ஆற்றங்கரை ஊர்ப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். அவன் நோட்டுகள் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, அப்பளம் மாதிரி விறைத்திருந்தன. பக்கத்தைப் பிரித்தால் மை அடுத்த பக்கத்தோடு வந்தது. சிநேகிதனின் நோட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தான். கல்லூரி திறந்த பிறகும் வீட்டில் சேறு வாரியதில் ஏழு நாள் ஆப்சென்ட். மெடிக்கல் சர்டிஃபிகேட் இருந்தால் பார்க்கலாம் என்றார்களாம். "காய்ச்சல் வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்ணா" என்றான். விதிக்குக் காய்ச்சல் தெரியும், கபடி மேட்ச் தெரியும், என்சிசி கேம்ப் தெரியும். சேறு தெரியாது. பிரசவம் கூடத் தெரியும்: சென்னைப் பல்கலைக்கழக விதியில் படிப்புக் காலத்தில் கருவுற்ற, மணமான மாணவிக்கு 65-ஐ 55 ஆகத் தளர்த்தியிருக்கிறார்கள். அடிக்கடி புயலும் வெள்ளமும் வருகிற கரையில், அதற்கென்று ஒரு வரி எழுதுவது அவ்வளவு கஷ்டமா?

## 75-ஐக் கேட்கிற வீடுகள்

இத்தனைக்கும் பிறகு "அட்டெண்டன்ஸை எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று நானும் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் என் வாயை அடைத்தாள். பி.காம் இரண்டாம் வருடம், கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் வீடு. "அது இல்லேன்னா எங்க வீட்டுல வாரத்துக்கு மூணு நாள் நிறுத்திடுவாங்கண்ணா. பாட்டிக்கு ஆஸ்பத்திரின்னாலும் நான்தான், சித்தி வீட்டு விசேஷம்னாலும் நான்தான். தம்பிய யாரும் கூப்பிட மாட்டாங்க."

ஒரு நாள் அவள் அப்பாவே வந்தார். "தம்பி, இந்த எழுபத்தஞ்சு நெசமா, இல்ல இதுவா சொல்லுதா?" ரெகுலேஷனின் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். என்னிடமிருந்து செமஸ்டரைப் பறித்த அதே வரி, அவளுக்கு வீட்டு வாசலைத் திறந்துவிட்டது. விதி மாணவருக்கு உதவுகிறதா என்று யாராவது கேட்டால் எந்த மாணவர் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

உங்கள் வீடு இப்படிப்பட்டது என்றால் வருகை கேட்காத வழியை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். தொலைநிலையில் சேர்ந்த மறுநாளே "வீட்ல சும்மாதானே இருக்கே" என்பார்கள்.

## தன்னாட்சிக் கல்லூரி

பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம் எல்லாம் கல்லூரியே. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது. ரிசல்ட் சீக்கிரம் வரும். கடைசி செமஸ்டரில் ஒரு தாள் போனால் உடனே துணைத்தேர்வு வைக்கிற கல்லூரிகள் உண்டு. வேலை ஆஃபர் கையில் இருக்கும்போது அது பெரிய உதவி.

வருகையில் கெடுபிடி இங்கே அதிகம். காலையில் பதிவேடு முடிந்த அரை மணி நேரத்தில் அப்பா மொபைலுக்கு எஸ்எம்எஸ் போகும். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இது ஒத்துவராது என்பது என் கருத்து. தளர்த்துவதும் இறுக்குவதும் ஒரே அலுவலகத்தின் கையில் இருப்பதால், தெரிந்த ஆள் இருக்கிறவருக்கு ஒரு வழி, இல்லாதவருக்கு ஒரு வழி என்று ஆகிவிடக்கூடும். முழு நேரம் படிக்க வீட்டில் வசதி இருந்தால் தாராளமாகச் சேருங்கள்.

## காலாப்பட்டு

1985-இல் தொடங்கிய புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே பெரும்பாலும் முதுகலை, க்யூட் என்கிற நுழைவுத் தேர்வு எழுதிப் போக வேண்டும். ஆகவே பெரும்பாலும் டிகிரி முடித்தவர்களுக்கான வழி இது. அதன் இணைவில் லாஸ்பேட்டை தாகூர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகள் புதுச்சேரியில் உண்டு, ஆனால் சேர்க்கை புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக, முன்னுரிமை புதுச்சேரிக்காரருக்கு. எல்லையில் இருக்கிற பாகூர்ப் பிள்ளை கடலூருக்கு வந்து சினிமா பார்த்தாலும் விண்ணப்பத்தில் புதுச்சேரி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு என்றால் தமிழ்நாடு.

பல்கலைக்கழக வளாகத்தில் 70 சதவீதம்தானே, ஐந்து குறைவு, சுலபம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அது பாடம் வாரியாக எண்ணப்படுகிற 70. மூன்று கிரெடிட் பாடம் ஒன்று, வாரத்துக்கு மூன்று மணி நேரம், 15 வாரத்தில் 45 மணி என்று வையுங்கள். 32 மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். அந்தப் பாடத்தின் இரண்டு மணி திங்கட்கிழமையில் விழுந்து, நீங்கள் திங்கள்தோறும் வேலைக்குப் போனால் 30 மணி போச்சு. மிஞ்சுவது 15, 33 சதவீதம். கடலூர்க் கணக்கில் 80 சதவீதத்தோடு நிம்மதியாக இருந்த அதே ஒரு நாள் லீவு, இங்கே ஒரு பாடத்தையே காவு வாங்கிவிடும். டைம்டேபிள் வந்த பிறகுதான் எந்த நாள் வேலை என்று முதலாளியிடம் பேச வேண்டும். முன்னால் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள்.

மறுபக்கம் நியாயமும் இங்கேதான் அதிகம். குறைந்த பாடத்துக்கு மட்டும்தான் எஃப்ஏ, அதாவது வருகைக் குறைவால் தோல்வி. மற்றப் பாடங்களின் பரீட்சையை எழுதலாம். 63.3-க்காக ஐந்து தாளையும் இழந்தவன் என்ற முறையில், இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த விதியைப் பிடிக்கும். ஆனால் அந்தப் பாடம் அடுத்த முறை நடத்தப்படும்போதுதான் திரும்பப் படிக்க முடியும். அது ஒரு வருடம் கழித்தும் வரலாம்.

கிரேடு கணக்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் பத்துப் புள்ளி முறை: ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி (B) 6, சி 5, பி (P) என்கிற வெறும் பாஸ் 4, எஃப் பூஜ்யம். கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பார்கள். 4, 4, 4, 3, 3 கிரெடிட் பாடங்களில் முறையே 8, 7, 8, 6, 9 எடுத்தால் 137-ஐ 18-ஆல் வகுத்து 7.61. இரண்டாவது பாடம் மட்டும் வருகையால் போய், அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்து வகுத்தால் 6.06. பாடத்தில் ஒன்றும் தெரியாதவன் வாங்குகிற பூஜ்யமும், பாடம் தெரிந்தும் பஸ் கிடைக்காதவன் வாங்குகிற பூஜ்யமும் கூட்டலில் ஒன்றுதான்.

உள்மதிப்பெண் 40 என்பதால் செமஸ்டர் நடுவில் நடக்கிற தேர்வுகளைத் தவறவிட முடியாது. கடலூரிலிருந்து தினம் போய் வருவது என்றால் புதுச்சேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஈசிஆரில் இன்னொரு பஸ். இரண்டு வாரம் போனதும் எல்லோரும் ஹாஸ்டல் விண்ணப்பம் நிரப்ப என் கடைக்கு வருகிறார்கள்.

## தொலைநிலை

இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இன்னும் பல. தியரிப் பாடங்களுக்கு வருகை பிரச்சினையே இல்லை. அசைன்மென்ட் முதலான தொடர் மதிப்பீட்டுக்கு 30, பரீட்சைக்கு 70. யுஜிசி அங்கீகரித்த நிறுவனத்தில் வாங்கிய தொலைநிலைப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யுஜிசியே சொல்லியிருக்கிறது. சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, விசைப்படகு வேலை, கைக்குழந்தை என்று இருப்பவர்களுக்கு நேர்மையான வழி இது ஒன்றுதான். இக்னோவில் மூன்று வருட பி.ஏ.வை ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம்.

அந்த ஆறு வருடமே பொறியும் கூட. "இந்த ஜூன் விட்டா டிசம்பர்" என்று அசைன்மென்ட் தாள் வாங்கிப்போய் எழுதாமலே அடுத்த வருடமும் வாங்க வருகிறவர்களை என் கல்லா பார்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு வியாபாரம், அவர்களுக்கு வயது. எழுப்பிவிட ஆள் இல்லாத படிப்பு இது.

சேருமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா? பெயர் பெரிதாக இருப்பது போதாது. இப்போது சேரும் மாணவர் அந்தப் பிரிவின் டெப் ஐடி எடுக்க வேண்டும். அதற்கு, கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கிற ஏபிசி கணக்கின் ஐடி வேண்டும். அதற்கு ஆதாரில் பெயரும் மார்க்‌ஷீட்டில் பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறியதால் கடைசி நாளில் கண் கலங்கியவர்கள் இருக்கிறார்கள். கமிஷனுக்கு ஆள் பிடிக்கிற "ஸ்டடி சென்டர்" போர்டுகளைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

## யார் எங்கே

வாரம் ஒரு நாள், அல்லது காலையில் மட்டும் வேலை என்றால் அரசுக் கல்லூரி, முடிந்தால் இரண்டாவது ஷிஃப்ட். வாரம் இரண்டு, மூன்று நாள் போயே ஆக வேண்டும் என்றால் தொலைநிலை. நேரில் சேர்ந்து 60-இல் தொங்குவதைவிட அது மேல். வீட்டில் பிடித்து வைப்பார்கள் என்ற பயம் உள்ள பெண்கள் 75-ஐ விடாமல் கேட்கிற இடத்தில் சேருங்கள். முதுகலைக்குப் போகிறவர், பகுதி நேர வேலையை மாலைக்கோ சனி, ஞாயிறுக்கோ தள்ளிவைக்க முடியும் என்றால் காலாப்பட்டு.

சேர்ந்த பிறகு கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் காலண்டரில் போகாத நாளுக்குச் சிவப்புப் புள்ளி போதும். 90 நாள் செமஸ்டரில் இருபதாவது புள்ளி விழுந்ததும் வேலையை நிறுத்துங்கள். இருபத்திரண்டு வரைதான் அனுமதி. ஓடி (ஆன் டூட்டி, கல்லூரி வேலையாக வெளியே போனது) போட்ட நாளுக்குக் கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும். பதிவேட்டில் ஏறாத ஓடி, லீவுதான்.

68 சதவீதத்தோடு வந்த அந்தப் பெண் 90-க்கு 61 நாள் வந்திருந்தாள். பணம் கட்டினாள். ரசீதை மூன்று காப்பி எடுத்தோம்: அலுவலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி வந்தாள். ஹால் டிக்கெட் பட்டியலில் பெயர் இல்லையாம், அலுவலகத்தில் ரசீதைக் காணோமாம். பையிலிருந்த மூன்றாவது காப்பியை நீட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தபோது, "இன்னும் ரெண்டு காப்பி போடுங்கண்ணா" என்றாள்.